எதிர்க்கட்சியின் காது

இசக்கியம்மாள் மிக்ஸியைப் போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்.

"கேக்கிறவரே, சட்னி அரைக்கப் போறேன். காதைப் பொத்திக்கிடுங்க."

நான் பொத்திக்கொள்வேன். அவர் இருந்தது அம்பாசமுத்திரத்தில் தன் வீட்டு அடுக்களையில். நான் இருந்தது சென்னையில் என் கட்சி அலுவலகத்து மாடியறையில். நான் ஆணா பெண்ணா என்றுகூட அவருக்குத் தெரியாது. தன் காதுமடலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மிளகளவு வில்லை வழியாகத் தான் பேசுவதையெல்லாம் எதிர்க்கட்சி ஆள் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரியும். அந்த முகம் தெரியாத எதிரியின் செவிப்பறைக்காக அவர் கவலைப்பட்டார். என் சொந்தக் கட்சியில் எனக்காக இவ்வளவு கவலைப்பட்டவர்கள் யாருமில்லை.

இந்த நூற்றாண்டின் எழுபதுகளில் அப்படி ஒரு சட்டம் இருந்தது. என் மனைவி மங்கையர்க்கரசிக்கு அதை விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

"அந்தம்மா ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. அவங்க வீட்ல பேசுறதை நீங்க எதுக்குக் கேக்கணும்?" என்றாள்.

"நுண்ணறிவு வாரியம் இருக்குல்ல, அது நெனச்சா யார் வீட்டுப் பேச்சையும் கேக்கலாம். சட்டப்படிதான் கேக்குதான்னு பாக்க ரெண்டு மேற்பார்வை உறுப்பினருங்க. ஆளுற உழைப்பாளர் முன்னணில ஒருத்தர், அதுதான் அந்தம்மா. நம்ம நல்லாட்சிக் கழகத்துல ஒருத்தர். ஊர் ரகசியம் பூரா அவங்களுக்குத் தெரியும். அதை அவங்க வெளியில விடாம இருக்காங்களான்னு யாரு பாக்குறது?"

"யாரு?"

"எதிராளிதான். அவங்க உறுப்பினருக்கு நம்ம ஆளோட காது. நம்ம உறுப்பினருக்கு அவங்க ஆளோட காது."

"பதிவு பண்ணி வெச்சாப் போதாதா? மனுஷன் எதுக்கு?"

"பதிவை எந்தக் கோர்ட்டு ஏத்துக்குது? உன் குரல்ல எவனோ பேசி உங்க அக்காவை நடுரோட்டுக்கு வரவெச்சானே, மறந்துட்டியா? குரலு, படம், கடிதாசு எல்லாத்தையும் இப்ப எவன் வேணா செஞ்சிடுறான். மனுஷன் நேரா கேட்டுச் சத்தியம் பண்ணிச் சொல்றதுதான் சாட்சி."

"நீங்க வாயை மூடிக்கிட்டுக் கேக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வீடு வரை போயிருக்கும்.

சிரித்ததில் தப்பில்லை. நான் கழகத்தின் மேடைப் பேச்சாளன். கலியமூர்த்தி பேசுகிறார் என்றால் கும்பகோணத்தில் கடையைச் சாத்திவிட்டு வருவார்கள். தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்து குரல் தேங்காய் துருவுகிற சத்தமாகிவிட்டபிறகு, பேசிப் பிழைத்தவனைக் கேட்டுப் பிழைக்க அனுப்பினார்கள். போகும்போது நான் சந்தோஷமாகவே போனேன். எதிராளியின் வண்டவாளம் முழுக்கக் காதில் விழும் அல்லவா?

விழுந்தது எல்லாம் வேறு. உறுப்பினர் வீட்டு விஷயம், கட்சி விஷயம் எது தற்செயலாகக் காதில் விழுந்தாலும் விழுங்கிவிட வேண்டும் என்பது சட்டம். வெளியே சொன்னால் எனக்கு மூன்று வருடம் சிறை. உறுப்பினர் வாரிய ரகசியத்தை வெளியே விட்டாலோ, வேண்டுமென்று எதையாவது எதிர்க்கட்சிக் காதில் போட்டாலோ மட்டும் நான் சபாநாயகரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அப்போது சிறை அவருக்கு.

குளிக்கும்போதும் தூங்கும்போதும் வில்லையைக் கழற்றி வைக்கலாம். வாரியத்தின் ரகசிய அறைக்குள் அது தானாக அணைந்துவிடும். மற்றபடி அவர் விழித்திருக்கும் நேரமெல்லாம் நான் அவரோடு இருந்தேன். அவர் தங்கை ஒருநாள் வந்து, மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, பையன் எப்படி என்று வாரியத்தில் ஒரு பார்வை பார்த்துச் சொல்லேன் என்றாள்.

"அதெல்லாம் முடியாது" என்றார் இசக்கியம்மாள்.

"யக்கா, ஒரே ஒரு பையன். யாருக்குத் தெரியப்போவுது?"

"ஊர்ல போயி நாலு பேருகிட்ட விசாரி. டீக்கடைல விசாரி. அவன் வேலை பாக்கிற எடத்துல விசாரி. எல்லாரும் அப்படித்தான கட்டிக் குடுக்காவ?"

தங்கை ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு அவரை ஒப்புக்கு அழைத்தார்கள். பந்தியில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை என்பது எனக்குக் கேட்ட சத்தத்திலேயே தெரிந்தது. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "இதையும் கேட்டுட்டியளா? போவுது போங்க" என்றார். நான் மாடியறையில் தனியாக உட்கார்ந்து தலையாட்டினேன். அன்றிலிருந்து அந்த அம்மாவின்மேல் எனக்கு உண்டானதை மரியாதை என்று மட்டும் சொன்னால் குறைத்துச் சொன்னதாகும்.

அவருக்கு ஒரு பழக்கம். எதைப் படித்தாலும் வாய்விட்டுப் படிப்பார். அரசியலுக்கு வருமுன் மின்கழிவு பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர். அங்கே எல்லாப் பெண்களுக்கும் கையும் கண்ணும் வேலையில் இருக்கும். ஒருத்தி மட்டும் எழுந்து நின்று செய்தி படித்துக் காட்டுவாள், அவள் பங்கு வேலையை மற்றவர்கள் சேர்ந்து முடித்துக் கொடுப்பார்கள். அப்படிப் படித்துக் காட்டியவர் இசக்கியம்மாள். வாய் அசையாமல் படித்தால் மண்டையில் ஏறுவதில்லை என்று சட்டசபையிலேயே சொல்லியிருக்கிறார். இரண்டு கட்சிக்காரர்களும் சிரித்தார்கள்.

அந்தப் பழக்கம் தெரிந்தும் அவர் கட்சித் தலைமை அந்தக் குறிப்பை அவர் வீட்டுக் கைபேசிக்கே அனுப்பியது. வாரிய ரகசியம் என்றால்தானே பூட்டிய அறை, இது கட்சி விஷயம், எதிராளி கேட்டாலும் விழுங்கித்தான் ஆக வேண்டும் என்ற தைரியம். அதிகாரத்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் தங்களைக் காப்பாற்றும் இடங்கள் மட்டும் நன்றாக நினைவிருக்கும்.

சித்திரை வெயில். மின்விசிறி ஓடும் சத்தத்தோடு அவர் படிக்க ஆரம்பித்தார். தனக்குத்தானே படிக்கும்போது அவர் வேகமாகப் போவார், வாக்கியத்தின் கடைசியை விழுங்கிவிடுவார். எனக்கு அந்த முணுமுணுப்பு பழகிப்போன ஒன்று. பாதியில் குரல் தடுக்கியது. அடுத்த பத்தியில் நின்றே விட்டது.

குறிப்பின் சாரம் இதுதான். தேர்தல் முடிந்ததும் மேற்பார்வை உறுப்பினர் முறையை ஓசையில்லாமல் கைவிட வேண்டும். வாரியம் இனிமேல் நேராகக் கட்சித் தலைமை அலுவலகத்துக்கே தகவல் தர வேண்டும். அதுவரை எதிர்க்கட்சி வேட்பாளர்களின் வீட்டுப் பேச்சையும், சொந்தக் கட்சியில் முகம் சுளிப்பவர்களின் வீட்டுப் பேச்சையும் கேட்கத் தொடங்கலாம். இதற்கு உறுப்பினர் இசக்கியம்மாள் படித்தவுடன் ஒப்புதல் அனுப்பவும்.

அடுப்பில் ஏதோ கொதித்து அடங்கியது. பிறகு நாற்காலி நகர்ந்தது, காலடி கேட்டது, மின்விசிறி நின்றது.

மறுபடி முதலிலிருந்து படித்தார். இந்தத் தடவை கொட்டகைக் குரல். ஒவ்வொரு வாக்கியமும் முழுசாக, நிறுத்தி, பெயர்களை இரண்டு தடவை சொல்லி, கடைசி வரிசையில் இருப்பவளுக்கும் விழுகிற மாதிரி. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கமான 'கேக்கிறவரே' இல்லை. படித்து முடித்துவிட்டு மின்விசிறியைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

நான் சபாநாயகரிடம் போனேன். ஒருமுறை கேட்டதைத் திருப்பிச் சொல்வது மேடைப் பேச்சாளனுக்குக் கஷ்டமில்லை. சொற்களைச் சொன்னேன். எப்படிப் படித்தார் என்று அவர் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. மறுநாள் அவையில் குறிப்பு வாசிக்கப்பட்டது. மாலைக்குள் என் பெயரும் படமும் ஊரெல்லாம் வந்துவிட்டன.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. குறிப்பே போலி என்றது முன்னணி. கட்சிக்குள்ளேயே இரண்டு பேர் அதைப் பார்த்திருக்கிறோம் என்று சொல்லிவிடவும், சுருதியை மாற்றிக்கொண்டது. பாவம் இசக்கியம்மாள், பழக்கதோஷத்தில் வாய்விட்டுப் படித்தார், விழுங்கவேண்டிய எதிர்க்கட்சிக் காது அதைத் திருடி விற்றுவிட்டது, இனி இந்தக் காது முறையே வேண்டாம் என்றது. எங்கள் கழகமோ இசக்கியம்மாளின் படத்தை எங்கள் தலைவர் படத்துக்குப் பக்கத்தில் போட்டு 'மனசாட்சியின் குரல்' என்று சுவரெல்லாம் ஒட்டியது. போன மாதம்வரை அவரைக் கைநாட்டு என்று மேடையில் கேலி செய்தவர்கள் இவர்கள். அவர் ஊரில் அவர் கொடும்பாவி எரிந்தது, என் ஊரில் எனக்கு மாலை விழுந்தது.

ஓய்வுபெற்ற நீதிபதி சம்சுதீன் விசாரணைக்கு வந்தார். கேள்வி ஒன்றுதான். உறுப்பினர் பழக்கத்தில் படித்தாரா, வேண்டுமென்று கேட்க வைத்தாரா? இருவரையும் தனித்தனியே கேட்பார். இரண்டு பதிலும் பொருந்தினால் தீர்ப்பு அதன்படி. பொருந்தாவிட்டால் வெளியே சொன்னவன்மேல்தான் பழி.

நான் பழக்கம் என்று சொன்னால் எனக்குச் சிறை, அவருக்கு விடுதலை. அவர் கட்சி அவருக்கு மந்திரி பதவியே பேசி வைத்திருந்தது. வேண்டுமென்றே என்று சொன்னால், பொய் சொல்லத் தெரியாத அவரும் அதையே சொல்வார்; அவருக்குச் சிறை, எனக்கு எம்.எல்.ஏ. சீட்டு. எங்கள் அமைப்புச் செயலாளர் வீடு தேடி வந்து அதைச் சொல்லிவிட்டே போனார்.

"உண்மை எது?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

"வேணும்னேதான் படிச்சாங்க."

"அப்ப அதைச் சொல்லிட்டு வாங்களேன்."

"சொன்னா எனக்கு லாபம், என் கட்சிக்கு லாபம், அந்தம்மாவுக்கு ஜெயிலு. இப்படி ஒரு உண்மையை நான் பாத்ததே இல்ல. வாய்ல எடுக்கவே கூசுது."

"பொய் சொன்னா?"

"நான் உள்ள போறேன். அவங்க நல்லா இருப்பாங்க."

"நாலு வருஷமா நான் பேசினா உங்களுக்குக் காது கேக்கல. அந்தம்மாவுக்காக ஜெயிலுக்குப் போறேங்கறீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு வலித்தது. ஆனாலும் பொய் சொல்வதென்று முடிவுசெய்துவிட்டேன்.

தீர்ப்பு வரும்வரை, விசாரணை அறையைத் தவிர வேறெங்கும், அவர் வில்லையைக் கழற்றக் கூடாது, நான் கேட்பதை நிறுத்தக் கூடாது என்று உத்தரவு. விசாரணை நாள் காலையில் நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது காதில் அவர் குரல் வந்தது. நான் குறிப்பை வெளியே சொன்ன நாளிலிருந்து அவர் என்னோடு பேசியிருக்கவில்லை.

"கலியமூர்த்தி அண்ணாச்சி, சாப்பிட்டியளா? பேப்பர்ல போட்டோ பாத்தேன். நான் உங்களை ஒல்லியா நெனச்சு வச்சிருந்தேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னைக்கு உங்களைக் கூப்பிடாம ஏன் படிச்சேன்னு நெனச்சிருப்பிய. கூப்பிட்டுருந்தா நீங்க போய்ச் சொல்லித்தான ஆவணும்? அப்படி உங்களைக் கட்டிப்போட வேண்டாம்னு பாத்தேன். வேண்டாம்னா விழுங்கிக்கிடட்டும்னு விட்டேன். நீங்க விழுங்கல. அதுக்கு உங்களுக்கு ஒரு கும்பிடு."

டம்ளர் வைக்கிற சத்தம்.

"இப்ப நீங்க என்னைக் காப்பாத்தணும்னு நெனப்பிய. ஆம்பளைங்களுக்கு அந்தப் புத்தி வரும். வேண்டாம் அண்ணாச்சி. நீங்க திருடினதா ஆச்சுன்னா இனி எந்தக் காதையும் எவனும் நம்ப மாட்டான். சட்டத்தைத் தூக்கிட்டு வாரியத்தைக் கட்சி ஆபீசுக்கே கொண்டுபோயிருவாவ. அப்பறம் நான் வெளிய இருந்து என்ன செய்ய? மந்திரியா இருந்துக்கிட்டு வாய மூடிப் படிக்கவா? எனக்கு மண்டைல ஏறாது."

சிரித்தார். பிறகு குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"பயமாத்தான் இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா நான் படிச்சதை நான்தான் படிச்சேன். அதை எங்கிட்ட இருந்து எடுத்துராதிய. நான் பொறப்படுதேன். நீங்களும் பொறப்படுங்க."

என்னால் ஒரு பதில்கூடச் சொல்ல முடியாது. வாழ்க்கை முழுக்கப் பேசியவனுக்குப் பேச வேண்டிய ஒரே தருணத்தில் வாய் இல்லை. மங்கையர்க்கரசி வந்து பார்த்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

நீதிபதி சம்சுதீன் மெல்லிய குரல்காரர். "உறுப்பினர் பழக்கத்தில் படித்தாரா?" என்றார்.

"முதல் தடவை பழக்கத்துல படிச்சாங்க ஐயா. ரெண்டாந்தடவை எனக்காகப் படிச்சாங்க."

"உங்களைக் கூப்பிட்டாரா?"

"இல்லை."

"பிறகு எப்படித் தெரியும்?"

"மின்விசிறியை நிறுத்தினாங்க ஐயா. சித்திரை மாசம். தனக்குத்தானே படிச்சுக்கிறவங்க வேர்க்க வேர்க்க எதுக்கு மின்விசிறியை நிறுத்தணும்?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த அம்மாவும் மின்விசிறியைத்தான் சொன்னார்" என்றார்.

சட்டம் நின்றது. இசக்கியம்மாளுக்கு மூன்று வருடம். அவர் வில்லையைக் கழற்றிய அன்று என் காதில் விழுந்த அமைதியைச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் யாரோ இல்லாதது போலிருந்தது. அவர் கட்சி அவரை நீக்கியது. எங்கள் கழகம் தேர்தலில் பெருவெற்றி பெற்றது. சொன்னபடி எனக்குச் சீட்டும் வந்தது, அதோடு ஆளுங்கட்சி மேற்பார்வை உறுப்பினர் என்ற பொறுப்பும் வந்தது. என் காதுக்குப் பின்னால் ஒரு வில்லை ஏறியது. அந்தப் பக்கம் முன்னணி ஆள் யாரோ.

ஆட்சி அமைந்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை, தலைமையிலிருந்து எனக்கு ஒரு வரைவு வந்தது. மேற்பார்வைச் சீர்திருத்தம் என்று தலைப்பு. படித்துவிட்டு அமைப்புச் செயலாளரிடம் போனேன். வில்லை கேட்குமே என்று அவர் கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டே பேசினார்.

"அண்ணே, அவங்க செய்ய நெனச்சது அடாவடி. நாம செய்யறது சீர்திருத்தம். வித்தியாசம் புரியுதுல்ல? நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

வித்தியாசம் நன்றாகவே புரிந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. மனு எழுதிப் போட்டுச் சிறைக்கு இசக்கியம்மாளைப் பார்க்கப் போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவர் வந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். முதன்முறையாக நேரில் பார்க்கிறேன், இருந்தும் நடை சத்தத்தில் ஆளை முன்பே தெரிந்துகொண்டுவிட்டேன்.

"சாப்பிட்டியளாம்மா?" என்றேன். அவருடைய கேள்வி எனக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"குரலு இப்படியா இருக்கும்?" என்று அவர் சிரித்தார். "கேட்டியளா அண்ணாச்சி, உள்ள எல்லாருக்கும் நான்தான் பேப்பர் படிச்சுக் காட்டுதேன். பொழுது போயிருது. நீங்க மெம்பர் ஆயிட்டியளாமே?"

"ஆயிட்டேன். எங்க ஆளுங்க ஒரு வரைவு அனுப்பியிருக்காங்கம்மா. உறுப்பினர் முறை வேண்டாமாம். வாரியம் நேரா எங்க தலைமை அலுவலகத்துக்குத் தகவல் தரணுமாம்."

அவர் ஆச்சரியப்படவில்லை. கோபப்படவும் இல்லை. "கொண்டாந்துருக்கியளா?"

"கைபேசியை வாசல்ல வாங்கி வெச்சுட்டாங்க. மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு ஆவப்போவுது? நான் என்ன செய்ய முடியும், உள்ள கெடந்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அவர் பார்வை என் முகத்திலிருந்து மெதுவாக நகர்ந்து என் காதுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"கழட்டாமதான் வந்துருக்கியளா?"

"ஆமாம்மா."

"வீட்ல தெரியுமா?"

"மங்கைதான் சட்டையை இஸ்திரி போட்டுக் குடுத்தா. நேத்து ராத்திரி வில்லையைக் கழட்டினப்புறம் அவ முன்னாடியும் ஒருதடவை சொல்லிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"ஆம்பளை ஜெயில்ல சாப்பாடு இதைவிட மோசம்னு சொல்லுதாவ" என்றார் இசக்கியம்மாள். அவர் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, என் காதுப் பக்கம் சாய்ந்து, நான் இல்லாதது போல அந்தப் பக்கத்து ஆளிடம் பேசினார்.

"யாரு கேக்கிறதுன்னு தெரியல. நான் இசக்கியம்மா. அண்ணாச்சி இப்ப சொல்லப்போறது தற்செயல் இல்ல, உங்களுக்காகத்தான் சொல்லுதாரு. என்ன செய்யணும்னு நீங்க பாத்துக்கிடுங்க. அவருக்குத் தொண்டை சரியில்ல, கொஞ்சம் கவனமா கேளுங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "ம், தலைப்பிலேர்ந்து வாங்க. பேரு வந்தா ரெண்டு தடவை சொல்லுங்க" என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தலைப்பிலிருந்து ஆரம்பித்தேன்.